குறுக்கு வழியாகிப்போன தெரு: குடியிருப்போர் நலச்சங்கத்தால் என்ன செய்ய முடியும்?

கேள்வி: சென்னையில் மெட்ரோ வேலைக்காகப் பிரதான சாலையைப் பாதி அடைத்ததிலிருந்து வண்டிகள் எல்லாம் எங்கள் உள் தெருக்கள் வழியே பாய்கின்றன. தெருவில் ஒரு தொடக்கப் பள்ளி இருக்கிறது. போன மாதம் வயதான ஒருவரை பைக் தட்டிவிட்டது. குடியிருப்போர் நலச்சங்கம் ஆரம்பிக்கலாம் என்று சிலர் பேசிக்கொண்டிருக்கிறோம். அதனால் ஏதாவது நடக்குமா? நாங்களே காசு போட்டு ஸ்பீடு பிரேக்கரோ, தெரு முனையில் கேட்டோ வைத்துக்கொள்ளலாமா?

பதில்:

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பல சங்கங்கள் முதல் கூட்டத்திலேயே போடும் தீர்மானம் அதுதான். கேட் போடாதீர்கள். உங்கள் மனைப்பிரிவு சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) அங்கீகாரம் பெற்றது என்றால், அதன் சாலைகளைத் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்திருப்பார்கள். அன்றோடு அது பொதுச் சாலை. இரண்டு பக்கமும் வீடு நம்முடையதாக இருக்கலாம், நடுவில் இருப்பதைப் பூட்ட நமக்கு உரிமை கிடையாது. ராத்திரி மட்டும்தான் பூட்டுகிறோம், வாட்ச்மேன் இருக்கிறார் என்று சமாதானம் சொல்வார்கள். நெஞ்சுவலி என்று 108-ஐக் கூப்பிட்டு, வண்டி தெரு முனையில் வந்து நிற்கும்போது வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருந்தால் என்ன செய்வது என்று அவர்களிடம் கேளுங்கள்.

ஸ்பீடு பிரேக்கருக்கும் இதே பதில்தான், ஆனால் காரணம் வேறு. பக்கத்தில் ஃபிளாட் கட்டும் மேஸ்திரியிடம் மிச்சக் கலவையை வாங்கி, ஒரே ராத்திரியில் ஒரு திட்டு எழுப்பிவிடுவது நம் ஊரில் சகஜம். ஓர் அடி அகலம், அரை அடிக்கு மேல் உயரம், சுண்ணாம்புக் கோடுகூட இருக்காது. சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் சொல்லும் அளவு என்ன தெரியுமா? சாலையின் போக்கில் 3.7 மீட்டர் அகலம், நடுவில் உயரம் வெறும் 10 சென்டிமீட்டர், மேல்பரப்பு 17 மீட்டர் ஆரமுள்ள மெல்லிய வளைவு. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் முதுகு நோகாமல் கடக்கலாம், அதற்கு மேல் வந்தால்தான் தூக்கிப் போடும். 40 மீட்டர் முன்னால் எச்சரிக்கைப் பலகையும், திட்டின் மேல் கறுப்பு வெள்ளைப் பட்டையும் வேண்டும். நாமே போட்ட திட்டில் இருட்டில் யாராவது விழுந்து தலையில் அடிபட்டால், யார் போட்டது என்று போலீஸ் விசாரிக்கும். சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தில் செயலாளர் கையெழுத்து இருக்கும்.

இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. சென்னைத் தெருக்களில் மழைநீர் சாலையின் மேல்தான் ஓடுகிறது. திட்டைக் கரையிலிருந்து கரை வரைக்கும் போட்டால் தண்ணீர் தேங்கும். ஓரத்தில் இடைவெளி விட்டால் பைக்குகள் எல்லாம் அந்த இடைவெளியைத் தேடிப் பிடித்துப் பறக்கும், நடப்பவர்கள் போகும் இடமும் அதுதான். போடத் தெரிந்தவர்கள் போட வேண்டிய சமாசாரம் இது.

சரி, சங்கத்தால் நடக்குமா? நடக்கும். தென் சென்னையில் ஒரு சங்கத்தில் பல வருடம் பொறுப்பில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: எந்த இடம், அது யாருடைய பொறுப்பு, அவர் கையெழுத்துப் போட்டால் நடக்கக்கூடிய ஒரே ஒரு வேலை என்ன, இந்த மூன்றும் தெரிந்த சங்கம் காரியத்தைச் சாதிக்கிறது. மற்றவை மனு கொடுக்கும்போது போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடுகின்றன.

முதலில், யாருடைய சாலை? இங்கேதான் பாதிப் பேர் வழி தவறுகிறார்கள். மாநகராட்சிக்குள்ளேயே உட்புறச் சாலைகளை வார்டு, மண்டலப் பொறியாளர்கள் பார்க்கிறார்கள். பேருந்து போகும் சாலைகளுக்குத் தனித் துறை இருக்கிறது. சில பெரிய சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையிடம், தேசிய நெடுஞ்சாலைகளில் சில தேசிய நெடுஞ்சாலை ஆணையத்திடம். தெருவிளக்கு மாநகராட்சியுடையது. அதே நடைபாதையில் குறுக்கே நிற்கும் டிரான்ஸ்ஃபார்மரும் பில்லர் பாக்ஸும் மின்வாரியத்துடையவை. மூடி உடைந்த பாதாளச் சாக்கடை மேன்ஹோல் குடிநீர் வாரியத்துக்குப் போக வேண்டும், மழைநீர் வடிகாலின் மூடி உடைந்தால் மாநகராட்சிக்கு. ஒருவழிப் பாதை, நோ பார்க்கிங், கனரக வண்டிக்குத் தடை எல்லாம் போக்குவரத்துக் காவல் துறை. வேகத்தடை இரண்டு பேர் சேர்ந்த வேலை: காவல் துறை வேண்டும் என்று பரிந்துரைக்க வேண்டும், மாநகராட்சி போட வேண்டும். ஒருவரிடம் மட்டும் மனு கொடுத்தால் அவர் மற்றவரைக் காட்டுவார். அதனால் ஒரே மனுவை இருவருக்கும் முகவரியிட்டு, நகல் யார் யாருக்கு என்று கீழே எழுதிக் கொடுங்கள்.

உங்கள் பகுதி அங்கீகாரமில்லாத மனைப்பிரிவாக இருந்து, சாலையை இன்னும் உள்ளாட்சியிடம் ஒப்படைக்கவில்லை என்றால் கதை வேறு. அதற்கு 2017-ல் வந்த வரன்முறைத் திட்டத்தில் என்ன நிலை என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்க முடியும். சாலை யாருடையது என்று யாருமே வாய் திறக்கவில்லையா? தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பொறுப்பு யாருடையது, கடைசியாகச் சாலை போட்டது எப்போது, ஒப்பந்ததாரர் குறைகளைச் சரிசெய்து தர வேண்டிய காலம் எதுவரை என்ற மூன்று கேள்வி போதும். மூன்றாவது கேள்விக்கு வரும் பதில் பல சமயம் பள்ளங்களைத் தானாகவே மூடிவிடும்.

அடுத்தது மனு. 'எங்கள் பகுதியில் போக்குவரத்து நெரிசலால் பொதுமக்கள் பெரிதும் அவதிப்படுகின்றனர், தக்க நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்' என்று எழுதினால், 'ஆய்வு செய்து நடவடிக்கை எடுக்கப்படும்' என்று பதில் வரும். அதோடு கோப்பு முடிந்தது. எழுதியவரும் பொதுவாக எழுதினார், பதில் சொன்னவரும் பொதுவாகச் சொன்னார், யார் மேலும் குற்றமில்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: 'பள்ளித் தெருவும் 2-வது குறுக்குத் தெருவும் சேரும் முனையில் தினமும் காலை 8.15 முதல் 8.50 வரை பிள்ளைகள் சாலையைக் கடக்கிறார்கள். கிழக்கிலிருந்து வரும் வண்டிகளுக்கு, முனையில் நிறுத்தப்படும் வேன்களால் பிள்ளைகள் கண்ணில் படுவதில்லை. முனையிலிருந்து இரு பக்கமும் குறிப்பிட்ட தூரத்துக்கு நோ பார்க்கிங் பலகையும், கிழக்குப் பக்கம் ஒரு வேகத்தடையும், பாதசாரிக் கடவைக் கோடும் தேவை. வரைபடமும் ஐந்து நாள் எண்ணிக்கையும் இணைத்துள்ளோம்.' இதை வாங்கும் உதவிப் பொறியாளர் அப்படியே மதிப்பீடு தயாரித்துவிடலாம். அவருடைய வேலையில் பாதியை நாம் செய்து கொடுத்துவிட்டோம்.

எண்ணிக்கை என்றதும் பயப்பட வேண்டாம். ரிட்டயரான இரண்டு பேர், ஒரு நோட்டு, ஒரு பேனா. கார், பைக், ஆட்டோ, வேன், லாரி என்று கட்டம் போட்டு, பள்ளி நேரத்தில் ஐந்து வேலை நாள் கோடு போட்டால் முடிந்தது. வேகத்தையும் அளக்கலாம், அதற்கு ரேடார் துப்பாக்கி வேண்டாம். சாலையோரத்தில் சாக்பீஸால் 25 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு போடுங்கள். போனில் ஸ்டாப்வாட்ச். ஒரு வண்டி அந்த 25 மீட்டரை 3 விநாடியில் கடந்தால் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம். 2 விநாடி என்றால் 45. சென்னைப் போக்குவரத்துக் காவல் துறை 2023 நவம்பரில் குடியிருப்புப் பகுதிகளுக்கு எல்லா வண்டிக்கும் 30 என்றுதான் உச்ச வேகம் வைத்தது. '100 வண்டி பார்த்தோம், இத்தனை வண்டி 30-க்கு மேல்' என்று எழுதப்பட்ட மனுவை வெறும் புலம்பல் என்று ஒதுக்க முடியாது.

30-க்கும் 50-க்கும் அப்படி என்ன வித்தியாசம் என்று கூட்டத்தில் ஒருவர் கட்டாயம் கேட்பார். பிள்ளை குறுக்கே வருவதைப் பார்த்து, பிரேக்கில் கால் வைக்க ஒரு விநாடி ஆகிறது என்று வையுங்கள். 30-ல் வருபவர் அந்த ஒரு விநாடியில் 8 மீட்டர் சொச்சம் போயிருப்பார், 50-ல் வருபவர் கிட்டத்தட்ட 14 மீட்டர். மோதும் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏறும் என்பதால், 50-ல் மோதும் வண்டி 30-ல் மோதுவதைப் போல இரண்டே முக்கால் மடங்கு பலமாக அடிக்கும். இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் வாதம் அடங்கும்.

இனி யாரும் சொல்ல விரும்பாத விஷயத்துக்கு வருகிறேன். தெருவில் ஓடும் வண்டிகளில் கணிசமானவை நம்முடையவை. உள்ளே இடமிருந்தும் வெயில் படாமல் மரத்தடியில் காரை நிறுத்துபவர், மாடி கட்டும்போது பார்க்கிங்கை அறையாக்கி வாடகைக்கு விட்டவர், வாசலில் சரிவுமேடை கட்டி நடைபாதையை விழுங்கியவர், எல்லோரும் சங்க உறுப்பினர்களே. பள்ளி முனையில் நிற்கும் கார்களில் பாதி, அதே தெருவின் அடுத்த கோடியிலிருந்து பிள்ளையை இறக்கிவிட வந்தவை. ஸ்கூட்டரில் டியூஷனுக்குப் பறக்கும் ஒன்பதாம் வகுப்புப் பையனை யார் கண்டிப்பது? 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவில், சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. இதை நோட்டீஸ் பலகையில் ஒட்டியதும் கோபித்துக்கொண்டு சந்தாவை நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் ஒட்டுங்கள்.

முனை சுத்தமாக இருப்பதுதான் செலவே இல்லாத பாதுகாப்பு. சந்திப்பு, வளைவு, பாதசாரிக் கடவை இவற்றின் அருகிலும் நடைபாதை மேலும் வண்டி நிறுத்தக் கூடாது என்பது ஏற்கெனவே விதி. போலீஸ் வந்து பூட்டுப் போடும் வரை காத்திருக்காமல், உறுப்பினர்களே முதலில் தங்கள் வண்டிகளை முனையிலிருந்து எடுத்தால் வித்தியாசம் அன்றைக்கே தெரியும். ஒருவழிப் பாதை கேட்பதற்கு முன்னாலும் எச்சரிக்கை தேவை. ஒரு தெருவை ஒருவழியாக்கினால் அதன் சுமை அடுத்த தெருவுக்குப் போகும். அங்கே இருப்பவர்களைக் கேட்காமல் மனு கொடுத்தால் அவர்கள் எதிர்மனு கொடுப்பார்கள், அதிகாரி இரண்டையும் சேர்த்துக் கட்டி வைத்துவிடுவார்.

சங்கத்தில் வீட்டுச் சொந்தக்காரர்களை மட்டும் சேர்த்துக்கொள்வது இன்னொரு பழக்கம். எனக்கு இதில் துளிகூட உடன்பாடு இல்லை. தெருவில் நடப்பவர்களில் எத்தனையோ பேர் வாடகைக்கு இருப்பவர்கள், வீட்டு வேலைக்கு வருபவர்கள், காய்கறி வண்டிக்காரர்கள். முனையில் பூக்கூடையோடு உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் கேட்டால் எந்த நேரத்தில், எந்தப் பக்கத்திலிருந்து, எந்த வண்டி வேகமாக வருகிறது என்று நம் ஐந்து நாள் நோட்டைவிடத் தெளிவாகச் சொல்வார். இரவு எட்டரைக்கு மேல் தனியாக நடந்து வரும் பெண்ணுக்கு அந்தப் பூக்கடையும் இஸ்திரி வண்டியும்தான் துணை. நெரிசல் என்றதும் முதலில் அவர்களை விரட்டச் சொல்லி மனு போடும் சங்கங்கள் உண்டு. 2014-ல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் குடியிருப்போர் சங்கங்களுக்கும் இடம் உண்டு. வண்டி எங்கே நிற்கலாம் என்று உட்கார்ந்து பேசும் இடம் அது.

விளக்கு விஷயத்தில் ஒரு யோசனை. பெண்கள் நாலு பேர் இரவில் தெருத்தெருவாக ஒருமுறை நடந்து வரட்டும். எங்கே நடையின் வேகம் தானாகக் கூடுகிறதோ அங்கே கம்பத்தின் எண்ணைக் குறித்துக்கொள்ளட்டும். விளக்குக் கம்பங்களில் எண் எழுதியிருக்கும். அந்த எண்ணோடு மாநகராட்சியின் புகார் எண்ணான 1913-ல் சொன்னால் ஆள் நேராக அங்கே வருவார். 'பிள்ளையார் கோவில் பக்கத்தில்' என்றால் சென்னையில் எந்தப் பிள்ளையார் கோவில் என்று தேடுவது? பல இடங்களில் விளக்கு நன்றாகவே எரியும், மரக்கிளை மறைத்திருக்கும். கிளை வெட்டக் கேளுங்கள், மரத்தை வெட்டக் கேட்காதீர்கள்.

எந்தத் துறையின் புகார் எண்ணாக இருந்தாலும், வேலை நடக்காமலேயே புகார் முடிக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வருவது உண்டு. கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? அன்றைய தேதியோடு போட்டோ எடுத்து, பழைய புகார் எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி பதிவு செய்யுங்கள். இரண்டாவது முறையும் அப்படியே என்றால் முதல்வரின் உதவி மையம் 1100-க்குப் போகலாம். சாதாரணக் குழிக்கு எடுத்த எடுப்பில் 1100 வேண்டாம், வார்டு அலுவலகத்தோடு உறவு கெட்டுவிடும்.

கேமரா பற்றிச் சுருக்கமாக. தெருக்களில் கண்காணிப்புக் கேமரா வைக்கும் 'மூன்றாவது கண்' திட்டத்தைச் சென்னைக் காவல் துறை முன்னெடுத்தபோது சங்கங்கள் போட்டி போட்டுக்கொண்டு பணம் கொடுத்தன. வாங்குவது சுலபம். வருடாந்திரப் பராமரிப்புக்கு யார் பணம் கட்டுவது என்று தீர்மானம் போடாத இடங்களில், மூன்றாம் வருடம் அந்தக் கண் வெறும் அலங்காரம்தான்.

சங்கப் பதிவு பெரிய வித்தையில்லை. 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது 7 பேர் சேர்ந்து, சங்க விதிகளை எழுதி, மாவட்டப் பதிவாளரிடம் பதிய வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் பொதுக்குழுவைக் கூட்டி, கணக்கைத் தணிக்கை செய்து தாக்கல் செய்ய வேண்டும். ஆரம்ப ஜோரில் பதிந்துவிட்டு, பிறகு தாக்கல் செய்யாமல் விட்டு, பழைய லெட்டர்பேடில் மட்டும் உயிரோடு இருக்கும் சங்கங்கள் ஏராளம். அடுக்குமாடி உரிமையாளர் சங்கம் வேறு, தெருக்களுக்கான இந்தச் சங்கம் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பூங்கா, தெருவிளக்கு மாதிரி வேலைகளுக்கு 'நமக்கு நாமே' திட்டத்தில் மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும். அதற்குப் பதிவும் வங்கிக் கணக்கும் ஒழுங்காக இருந்தால் வசதி.

கவுன்சிலரை விட்டுவிடாதீர்கள். சென்னைக்கு 2022-ல்தான், ஐந்து வருடத்துக்கு மேலான இடைவெளிக்குப் பிறகு, தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றம் வந்தது. அதே வருடம் வார்டு குழு, பகுதி சபை (வார்டுக்குள் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசும் கூட்டம்) விதிகளும் வந்தன. 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று முதல்வர் ஸ்டாலினே தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் பகுதி சபைக் கூட்டத்தில் கலந்துகொண்டார். பல இடங்களில் இந்தக் கூட்டங்கள் பேருக்கு நடக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் அங்கே சொல்லி, பதிவேட்டில் ஏறிய கோரிக்கைக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. பிற்பாடு எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் அந்தத் தேதியைக் காட்டலாம்.

எல்லாம் செய்தும் நடக்காவிட்டால் சட்டம் இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகரில் திறந்த சாக்கடையாலும் அசிங்கத்தாலும் அவதிப்பட்ட ஒரு வார்டு மக்கள், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் நகராட்சியின் மேல் புகார் கொடுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 1980-ல் நீதிபதி கிருஷ்ண ஐயர் தீர்ப்பு எழுதினார்: பணமில்லை என்று சொல்லி நகராட்சி தன் கடமையிலிருந்து நழுவ முடியாது. 2024 ஜூலையிலிருந்து அந்தப் பிரிவு புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152-ஆக இருக்கிறது. பொது வழியில் ஆபத்தான இடையூறு இருந்தால் நிர்வாக மாஜிஸ்திரேட் அகற்றச் சொல்லி உத்தரவு போடலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவும் தெரிந்திருக்கட்டும். சாலை வடிவமைப்பு, பராமரிப்புத் தரத்தைப் பின்பற்றாததால் மரணமோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அமைப்புக்கோ ஒப்பந்ததாரருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். வழக்கு போடாமலே, மூடாத குழியைப் பற்றிய கடிதத்தில் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டாலே கடிதம் மேசை விட்டு மேசை நகரும் வேகம் கூடும்.

உங்கள் தெருவுக்கு வருகிறேன். மெட்ரோ இரண்டாம் கட்டம் மூன்று வழித்தடங்களில் 118.9 கிலோமீட்டர். அதனால் இது உங்கள் ஒரு தெருவின் பிரச்சினை இல்லை, அவசரமாகத் தீரப்போவதும் இல்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் மூன்றே விஷயம் கேட்பேன். பள்ளி நேரத்தில் உங்கள் முனையில் ஒரு போக்குவரத்து மார்ஷலை நிறுத்தச் சொல்லி, மெட்ரோ நிறுவனத்துக்கும் போக்குவரத்து இன்ஸ்பெக்டருக்கும் சேர்த்து ஒரு கடிதம். வேலை நடக்கும் இடங்களில் அவர்கள் ஆட்களை நிறுத்துகிறார்கள், அதனால் இது இல்லாத ஊர்க் கோரிக்கை அல்ல. இரண்டாவது, பள்ளி தொடங்கும், விடும் நேரங்களில் லாரி, தண்ணீர் டேங்கர், கலவை வண்டிகள் உள் தெருவுக்குள் வரத் தடை. மூன்றாவது, முன்பு சொன்ன அளவில் ஒரு வேகத்தடையும் கடவைக் கோடும். பெரிய பட்டியல் போட வேண்டாம்.

தடையோ ஒருவழியோ அதிகாரபூர்வமாக வந்துவிட்டால், அப்புறம் ஒரு சின்ன வேலை: கூகுள் மேப்ஸில் திருத்தம் அனுப்புங்கள். உங்கள் தெருவுக்குள் வரும் வெளியூர் வண்டிகளில் பல, பலகையைப் பார்த்து வருவதில்லை, போன் சொல்லித்தான் வருகின்றன. புதிதாகத் தார் போடும் நாளிலும் கவனமாக இருங்கள். வேகத்தடையும் வெள்ளைக் கோடும் தாருக்கு அடியில் போய்விடும், திரும்பப் போட வேண்டும் என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட வந்தால் அப்போதே நிறுத்தச் சொல்லுங்கள். இல்லையென்றால் அடுத்த மழைக்குத் தெருத் தண்ணீர் வாசலுக்குள் வரும்.

அடிபட்ட பெரியவர் விஷயத்தில், புகார் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். 'பெரிய அடி இல்லை, போகட்டும்' என்று விட்டுவிடுவது நம் வழக்கம். பதிவே இல்லாத இடம் போலீஸ் கணக்கில் விபத்தே நடக்காத இடம். முனையின் படமும், பள்ளி எந்தப் பக்கம், வண்டிகள் எந்தப் பக்கத்திலிருந்து வருகின்றன என்ற விவரமும் போட்டீர்கள் என்றால், மனு வாசகத்தை எழுதித் தருகிறேன்.